உராய்வு ஒரு கட்டடத்தைத் தரைமட்டமாக்குமா? வேதிவினைகளின் ஆற்றல் கணக்கு

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து வெடிவிபத்துச் செய்தி வரும்போதெல்லாம் அதில் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு வரி இருக்கும்: மருந்துக் கலவை தயாரிக்கும்போது ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. அறை தரைமட்டமானது, பக்கத்து அறைகளும் இடிந்தன, சத்தம் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்டது என்று செய்தி தொடரும். மார்கழிக் குளிரில் நாமும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறோம். கை சூடாவதோடு சரி. அப்படியிருக்க, உராய்வு எப்படிக் கட்டடத்தைப் பெயர்க்கும்?

பெயர்க்காது. கட்டடத்தைப் பெயர்த்த ஆற்றல் மருந்துக்குள் ஏற்கெனவே இருந்தது. உராய்வு கொடுத்தது அதில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. இது எப்படி என்று புரிய வேண்டுமானால், வேதிவினையின் ஆற்றலைப் பற்றிப் பேசும்போது நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

1. வினை முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆற்றல் வெளியே வருகிறது, அல்லது உள்ளே போகிறது?
2. வினையைத் தொடங்கிவைக்க எவ்வளவு ஆற்றல் தேவை?
3. தொடங்கிய வினை எவ்வளவு நேரத்தில் தீர்கிறது?

பள்ளித் தேர்வில் முதல் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். உயிர்களைக் காவுகொள்பவை பெரும்பாலும் மற்ற இரண்டும்.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா?

அணுக்களை மூலக்கூறாகக் கட்டிவைத்திருப்பது வேதிப் பிணைப்பு. எரிபொருளின் பிணைப்புகள் உடையும்போது அவற்றுக்குள் அடைபட்டிருந்த ஆற்றல் வெளிவருகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், வகுப்பறையிலும் சொல்வதுண்டு. இது தலைகீழ். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வரும். ஒட்டிக்கிடக்கும் இரண்டு காந்தங்களைப் பிரிக்க நாம்தான் இழுக்க வேண்டும். அருகருகே கொண்டுபோனால் அவை தாமே பாய்ந்து 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். அந்த 'டக்' சத்தம் வெளிவந்த ஆற்றல்.

ஹைட்ரஜன் எரிந்து நீராவி ஆவதை எண்களில் பார்க்கலாம். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நீராவி தருகின்றன. (மோல் என்பது வேதியியலாளரின் 'டஜன்' போன்ற எண்ணிக்கை அலகு, டஜனில் பன்னிரண்டு, மோலில் சுமார் 6.022 × 10²³ மூலக்கூறுகள்.)

1. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரு அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல். இரண்டுக்கு 872.
2. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பை உடைக்க 498. ஆகச் செலவு 1,370 கிலோஜூல்.
3. நீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு உருவாகும்போது ஒன்றுக்கு 463 வீதம் வரவு. நான்கு பிணைப்புகளுக்கு 1,852.
4. வரவில் செலவு போக, மிச்சம் 482 கிலோஜூல்.

இந்த மிச்சம்தான் வெப்பமாக நம் கையில் படுகிறது. அழுத்தம் மாறாத நிலையில் அளக்கும் இந்த வெப்பக் கணக்குக்கு என்தால்பி மாற்றம் என்று பெயர். வரவு மிஞ்சினால் வெப்ப உமிழ்வினை. செலவு மிஞ்சினால் வெப்பக்கொள்வினை. இலங்கைப் பாடநூல்களில் இவற்றைப் புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம் என்பார்கள்; பொருள் ஒன்றே. வெப்பத்தை உமிழும் வினைக்குக் குறைக் குறி போடுவது மாணவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம். கணக்கை வினைபுரியும் பொருளின் பக்கம் நின்று எழுதுகிறோம். அதன் கையிருப்பு குறைந்தது என்பதால் குறைக் குறி.

காளவாயில் வாங்கிய கடன்

வெப்பம் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒரே பொருளில் காட்ட வேண்டுமானால் சுண்ணாம்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுண்ணாம்புக்கல்லோ கடற்கரைக் கிளிஞ்சலோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். காளவாயில் அடுக்கி 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய், சுட்ட சுண்ணாம்பு என்கிற கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. இது வெப்பக்கொள்வினை: ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் உள்ளே போகிறது. தீயை நிறுத்தினால் வினையும் நின்றுவிடும்.

அடுத்தது நீற்றுதல். சுட்ட கட்டிகளின்மேல் தண்ணீர் ஊற்றியதும் முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். சிறிது நேரத்தில் கட்டியில் விரிசல் ஓடும். சீறும், ஆவி கிளம்பும், கல் பொலபொலவென்று மாவாக உதிரும். பக்கத்தில் அடுப்பு எதுவும் இல்லை. ஆனால் தொட்டியிலுள்ள தண்ணீர் கொதிக்கிறது. இங்கே மோலுக்கு 65 கிலோஜூல் வெளியே வருகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குக் கணக்கிட்டால் சுமார் 1.16 மெகாஜூல், நான்கு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். நீற்றாத சுண்ணாம்பைக் குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைக்கச் சொல்வது இதனால்தான். கண்ணில் பட்டால் அரிப்புத்தன்மையோடு சூடும் சேர்ந்து தாக்கும்.

கதை இதோடு முடியவில்லை. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. அதில் மோலுக்கு 113 கிலோஜூல் வெளியேறுகிறது. 65-ஐயும் 113-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 178. காளவாய் கொடுத்த கடன் இரண்டு தவணையில் திரும்பிவிட்டது. எந்த வழியாகப் போனாலும் தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றென்றால் மொத்த வெப்பக் கணக்கும் ஒன்றே என்று 1840-இல் ஜெர்மைன் ஹெஸ் வகுத்த விதி இதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கடைசித் தவணை. நீற்றலில் வந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு வெப்பம் சுவரிலிருந்து வெளியேறியது. அந்தச் சுவரில் சாய்ந்து நின்ற எவருக்கும் அது தெரிந்திருக்காது. மாதக்கணக்கில் கசிந்த வெப்பம் கையில் உறைக்காது. 'எவ்வளவு' என்ற எண் மட்டும் தெரிந்தால் ஆபத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்பதற்குச் சுவரே போதும்.

தீக்குச்சி ஏன் தானாக எரிவதில்லை?

விறகும் எரியக்கூடியது, சுற்றிலும் ஆக்சிஜனும் இருக்கிறது, எரிந்தால் ஆற்றல் மிச்சம். பிறகு ஏன் விறகுக்கடை தானாகப் பற்றிக்கொள்வதில்லை? பழைய பிணைப்புகளைத் தளர்த்தும் தொடக்கச் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும். வரவு பிறகுதான். இந்தத் தொடக்கச் செலவுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர்.

தீப்பெட்டி இதை அழகாகப் பிரித்துவைத்திருக்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும். உரசும்போது பட்டையிலிருந்து ஒரு துளி பாஸ்பரஸ் பெயர்ந்து குளோரேட்டைச் சந்திக்கிறது. இவை இரண்டும் சேர்ந்தால் கிளர்வு ஆற்றல் மிகக் குறைவு. விரலின் உரசலே போதும். அதில் வந்த சூடு கந்தகத்தைப் பற்றவைக்கிறது, கந்தகத்தின் சூடு குச்சியை. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான செலவைக் கொடுக்கிறது. பாஸ்பரசைக் குச்சியின் தலையிலேயே வைத்திருந்தால் பெட்டிக்குள் குச்சிகள் ஒன்றையொன்று உரசியே பற்றிக்கொள்ளும்.

பட்டாசு மருந்துக்கு வருவோம். மருந்தில் இரண்டு தரப்பு உண்டு. எரிவது ஒன்று: கரி, கந்தகம், அலுமினியப் பவுடர். எரிப்பதற்கான ஆக்சிஜனைத் தருவது மற்றொன்று: வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட், பச்சை உப்பு என்று தொழிலாளர்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட் போன்றவை. இந்த இரண்டாம் தரப்புக்கு ஆக்சிஜனேற்றி என்று பெயர்.

இந்தியாவில் பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலக்க 1992 முதல் தடை இருக்கிறது. தீக்குச்சித் தலைக்கு விதிவிலக்கு போன்ற சில தளர்வுகள் உண்டு. காரணத்தை ஆற்றல் கணக்கிலேயே பார்க்கலாம்.

1. பொட்டாசியம் நைட்ரேட் தன் ஆக்சிஜனை விட்டு நைட்ரைட்டாக மாற, ஒரு மோலுக்குச் சுமார் 125 கிலோஜூல் கேட்கிறது. தூண்டுதல் சிறிதாக இருந்தால் அந்தச் சூட்டை அதுவே விழுங்கிவிடும். வினை அணைந்துபோக வாய்ப்புண்டு.
2. பொட்டாசியம் குளோரேட் ஆக்சிஜனை விடும்போதே மோலுக்குச் சுமார் 39 கிலோஜூலைக் கூடுதலாகத் தள்ளுகிறது. பொறி பட்ட இடத்தில் சூடு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது.
3. கந்தகத்தில் தங்கியிருக்கும் துளி அமிலம்கூடக் குளோரேட்டைக் கிளறிவிடும்.

சட்டப் புத்தகத்தில் ஒரு வரித் தடையாகத் தெரிவது, உண்மையில் ஒரு கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் உள்ள வித்தியாசம்.

அரிசிக்கும் வெடிமருந்துக்கும் எது பெரிது?

ஒரு கிலோவில் எவ்வளவு ஆற்றல் என்று வரிசைப்படுத்தினால் வரும் பட்டியல் பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும்.

1. சமையல் எரிவாயு: சுமார் 46 மெகாஜூல்
2. அரிசி: சுமார் 15 மெகாஜூல்
3. கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த கருமருந்து: சுமார் 3 மெகாஜூல்
4. வெடிக்கும் அம்மோனியம் நைட்ரேட் (உரமாகவும் பயன்படும் ஓர் உப்பு): சுமார் 1.5 மெகாஜூல்
5. நீறும் சுண்ணாம்பு (தண்ணீரின் எடை சேர்க்காமல்): சுமார் 1.16 மெகாஜூல்

ரேஷன் அரிசி மூட்டையில் இருப்பது அதே எடையுள்ள கருமருந்தைவிட ஐந்து மடங்கு. அம்மோனியம் நைட்ரேட்டோ நீறும் சுண்ணாம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

அரிசி ஏன் வெடிப்பதில்லை? ஒரு கிலோ அரிசி முழுவதும் எரிய ஏறத்தாழ ஐந்து கிலோ காற்று வந்து சேர வேண்டும். காற்று மேற்பரப்பில்தான் படும். உள்ளே இருப்பது தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். வெடிமருந்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே துகளோடு துகளாக உள்ளே இருக்கிறது. அந்தச் சுமையையும் சேர்த்து எடைபோடுவதால்தான் கிலோவுக்கு ஆற்றல் குறைவாகத் தெரிகிறது. மருந்து விலை கொடுத்து வாங்கியிருப்பது வேகத்தை.

வேகத்தின் கணக்கு இது. ஒரு கிலோ சுண்ணாம்பு பத்து நிமிடத்தில் நீறினால் அதன் திறன் சுமார் 2 கிலோவாட். ஒரு வாட்டர் ஹீட்டர் அளவு. ஒரு கிலோ அம்மோனியம் நைட்ரேட் ஆயிரத்தில் ஒரு நொடியில் தீர்ந்தால், அந்தக் கணத்தில் அதன் திறன் ஏறக்குறைய 1,500 மெகாவாட். கூடங்குளத்தில் ஓர் அணுவுலையின் மின்திறன் 1,000 மெகாவாட். போதாக்குறைக்கு அந்த ஒரு கிலோ, சாதாரண வெப்பநிலையில் அளந்தாலே ஆயிரம் லிட்டர் அளவுக்கு வாயுவாகிறது. வெடிக்கும் சூட்டில் அது மேலும் பல மடங்கு விரியும். சுவரைத் தள்ளுவது இந்த வாயு. சுண்ணாம்பு நீறும்போது கொஞ்சம் நீராவி எழும், அவ்வளவுதான்.

துகளின் அளவும் வேகத்தைத் தீர்மானிக்கும். அலுமினியப் பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் அடுப்பில் வைக்கிறோம், எரிவதில்லை. மேலே படிந்த மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது, உலோகம் சூட்டைப் பரப்பிவிடுகிறது. அதே அலுமினியத்தை மாவாக அரைத்தால் மேற்பரப்பு ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிவிடும். ஒரு கிலோ எரிந்தால் 31 மெகாஜூல். கம்பி மத்தாப்பின் கண்கூசும் வெள்ளைப் பொறிகளில் இந்தப் பவுடருக்குப் பெரும் பங்குண்டு.

குளிரும் உப்பு, வெடிக்கும் உப்பு

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிப்பில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே கிடங்கில் இருந்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். அடுத்த சில நாட்களில் சென்னை மணலியில் சுமார் 700 டன் அதே உப்பு தேங்கிக் கிடப்பது செய்தியாகி, பிறகு அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அப்போது எல்லோரும் கேட்டது: அது உரமா, வெடிபொருளா?

இரண்டும்தான். ஒரே பொருளுக்கு எதிரெதிர் குறியுள்ள இரண்டு ஆற்றல் கணக்குகள் இருக்க முடியும். தண்ணீரில் கரைத்தால் மோலுக்குச் சுமார் 26 கிலோஜூலைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுகிறது. நூறு கிராம் தண்ணீரில் ஐம்பது கிராம் போட்டுக் கலக்கினால் 20 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். விளையாட்டு வீரர்களின் சுளுக்குக்கு வைக்கும் உடனடிக் குளிர்ப் பைகளில் இந்த உப்பைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். அதே உப்பு சிதைந்து நைட்ரஜன், நீராவி, ஆக்சிஜன் என்று பிரிந்தால் மோலுக்குச் சுமார் 118 கிலோஜூல் வெளியே வருகிறது. கரைவதும் சிதைவதும் வேறு வேறு வினைகள். 'இந்தப் பொருள் குளிர்ச்சி, இந்தப் பொருள் சூடு' என்று பொருளுக்கு முத்திரை குத்துவது வேதியியலில் செல்லாது.

ஆனால் சிதைவுக்கான கிளர்வு ஆற்றல் அதிகம். ஒரு சாக்கு உப்பைத் தீக்குச்சியால் வெடிக்கவைக்க முடியாது. பெரிய தீ, மூடிய இடம், மலை போன்ற குவியல், கலந்துவிட்ட வேறு பொருட்கள் என்று பல சேர வேண்டும். பெய்ரூட்டில் முதலில் தீ எரிந்தது. வெடிப்பு அதற்குப் பிறகு வந்தது.

வைக்கோல் போர் தரும் விளக்கம்

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். சில நாளில் புகையும். சில நேரம் தீப்பிடிக்கும். தீ வைத்தவர் யாருமில்லை.

முதலில் நுண்ணுயிர்கள் சூட்டைக் கிளப்புகின்றன. அவை பிழைக்க முடியாத வெப்பநிலைக்குப் போன பிறகு நேரடி ஆக்சிஜனேற்றம் பொறுப்பேற்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினைவேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தோராயக் கணக்கு. சூடு ஏறினால் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் சூடு ஏறுகிறது. வெளியேறும் வெப்பமோ அவ்வளவு விரைவாகக் கூடுவதில்லை. குவியல் பெரிதாகும்போது நிலைமை இன்னும் மோசம்: வெப்பம் உண்டாவது குவியலின் முழுக் கன அளவில், வெளியேறுவது மேற்பரப்பில் மட்டும். சிறு குவியலில் ஆறிப்போகும் அதே வினை பெருங்குவியலில் கட்டுமீறும்.

பட்டாசு ஆலையில் இதன் இணை, ஈரம் பட்ட அலுமினியக் கலவை. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் ஈரத்தில் மெதுவாக வினைபுரியும். வெப்பமும் அம்மோனியாவும் உண்டாகும். உண்டாகும் காரத்தன்மை அலுமினியத்தின் காப்புப் படலத்தை அரித்து வினையை மேலும் முடுக்கும். கலவையிலிருந்து அம்மோனியா நெடி வந்தால் உள்ளே சூடேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது இந்தக் காரத்தை அடக்கத்தான். முந்தின நாள் மிஞ்சிய மருந்து காலையில் யாரும் தொடாமலேயே வெடித்தது என்ற செய்தியைப் படிக்கும்போது அதை மர்மம் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாத அறையில் இரவு முழுவதும் ஒரு வைக்கோல் போர் சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது.

வெயிலைக் குற்றம் சொல்வதையும் இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். சாதாரண மருந்துக் கலவை பற்றிக்கொள்ள நூற்றுக்கணக்கான டிகிரி தேவை. 40 டிகிரி வெயில் நேரடியாகப் பற்றவைக்காது. கலவை ஏற்கெனவே உள்ளுக்குள் வினைபுரிந்துகொண்டிருந்தால் வெயில் அதை ஆறவிடாது. காற்று வறண்டிருந்தால் நிலைமின்னும் (உரசலால் உடலிலும் துணியிலும் தேங்கும் மின்சாரம்) எளிதில் சேரும். வெயிலின் பங்கு இந்த அளவுக்குத்தான்.

மறுபடியும் அந்த 'உராய்வு'

இரண்டு துகள்களுக்கு இடையே ஒரு மணல் பரல் சிக்கி அரைபடும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் மட்டும் சில நூறு டிகிரி சூடு உண்டாகலாம். மொத்த மருந்தைச் சூடாக்கத் தேவையில்லை. அந்தப் புள்ளி பக்கத்துத் துகளின் கிளர்வு ஆற்றலைக் கொடுத்துவிட்டால் போதும். நிலைமின் பொறியும் அப்படித்தான். நைலான் சேலை உடுத்தியவர் வறண்ட நாளில் நடந்து வந்தால் உடலில் சேரக்கூடிய மின்னாற்றல் சுமார் 10 மில்லிஜூல் அளவு. ஒரு கிராம் எடையுள்ள காகிதத் துண்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கும் வேலை அவ்வளவுதான். ஒரு கிலோ கருமருந்தின் 3 மெகாஜூலோடு ஒப்பிட்டால் முப்பது கோடியில் ஒரு பங்கு.

இந்தக் கண்ணோட்டத்தில் ஆலைகளின் பாதுகாப்பு விதிகளைப் படித்தால் ஒவ்வொன்றும் மூன்று கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் சொல்வது தெரியும்.

1. பருத்தி உடை, வாசலில் தொட்டுவிட்டு நுழைய வேண்டிய புவித்தொடர்பு கொண்ட உலோகத் தகடு, இரும்புக்குப் பதில் மரமோ பித்தளையோ, சலித்து மணல் நீக்கிய உப்பு: இவை தொடக்கச் செலவை யாரும் தவறிக் கொடுத்துவிடாமல் தடுக்க.
2. கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது, கலந்ததை அன்றைக்கே தீர்ப்பது, ஈரத்தை அண்டவிடாதது: இவை சூடு கட்டுமீறாமலிருக்க.
3. ஓர் அறையில் இருக்கும் மருந்துக்கும் ஆட்களுக்கும் வரம்பு, அறைகளுக்கு நடுவே இடைவெளி, மண் மேடு: இவை முதல் இரண்டும் தோற்ற பிறகு, ஓர் அறையின் வெப்பமும் அழுத்தமும் அடுத்த அறைக்குக் கிளர்வு ஆற்றலாகப் போய்ச் சேராமலிருக்க.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 40 பேர் வரை இறந்தனர். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதலில் எழுந்த புகையையும் சத்தத்தையும் கண்டு உதவ ஓடிவந்தவர்கள். தீ ஓர் அறையோடு நிற்கவில்லை. உராய்வு என்ற சொல் முதல் அறைக்கு வேண்டுமானால் பொருந்தும். இரண்டாவது அறையும் மூன்றாவது அறையும் ஏன் வெடித்தன என்ற கேள்விக்கு அது விடையாகாது. அந்த அறைகளில் எவ்வளவு மருந்து இருந்தது, இடைவெளி எத்தனை மீட்டர், கலந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். முதற்கட்ட விசாரணைச் செய்தியில் இந்த மூன்று எண்களும் பெரும்பாலும் இருப்பதில்லை.